பால்பார்க் ஃபிகர்: குத்துமதிப்புக்கும் ஒரு வேலி உண்டு

ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன சொல். அமெரிக்க கிளையன்ட் கான்ஃபரன்ஸ் காலில் வருவார். புதிதாக ஒரு ரிப்போர்ட் வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று கேட்பார். இந்தப் பக்கம் தயக்கம் தெரிந்ததும், "சரியாகச் சொல்ல வேண்டாம், ஒரு பால்பார்க் ஃபிகர் கொடுங்கள், போதும்" என்பார். டீம் லீட் மியூட் போட்டுவிட்டுச் சுற்றிலும் பார்ப்பார். யாரோ ஒருவர் "பத்து நாள்னு சொல்லி வைங்க" என்பார். பத்து நாள் கடல் கடந்து போய்விடும்.

வேலைக்குப் புதிதாக வந்தவருக்கு இங்கே இரண்டு சந்தேகம் எழும். பந்து விளையாடும் மைதானத்துக்கும் நாள் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம், அந்தப் பத்து நாள் என்பது கொடுத்த வாக்கா, சும்மா அடித்துவிட்ட ஊகமா? முதல் சந்தேகத்தைத் தீர்க்கப் போனால் இரண்டாவதும் பாதி தீர்ந்துவிடும்.

பொருள் எளிதுதான். துல்லியமாக இருக்காது, ஆனால் உண்மையான எண்ணுக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையோடு சொல்லப்படும் எண்ணுக்குப் பால்பார்க் ஃபிகர் என்று பெயர். ஒருவர் சொன்ன மதிப்பீடு ஏற்கும்படி இருந்தால் அது 'இன் த பால்பார்க்'. இரண்டு தொகைகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் அவை 'சேம் பால்பார்க்'. ஒட்டவே ஒட்டாத எண்ணைச் சொன்னால் 'நாட் ஈவன் இன் த பால்பார்க்'. நாம் குத்துமதிப்பு, உத்தேசம், தோராயம் என்று சொல்லுமிடங்களில் பெரும்பாலும் இதைப் பொருத்திக்கொள்ளலாம். குருட்டாம்போக்கில் சொல்வதற்கு மட்டும் இது பொருந்தாது. குத்துமதிப்புக்கும் குருட்டாம்போக்குக்கும் நடுவில் ஒரு வேலி இருக்கிறது. அந்த வேலி எப்படி வந்தது என்பதுதான் இந்தச் சொல்லின் கதை.

பால்பார்க் என்பது அமெரிக்காவின் பேஸ்பால் மைதானம். அந்தப் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. கிரிக்கெட் தெரிந்த நமக்கு இதன் அமைப்பைப் புரிந்துகொள்வது சிரமமில்லை. கிரிக்கெட்டில் பிட்ச் 22 கெஜம் என்பது எங்கும் மாறாது, பவுண்டரி மட்டும் ஊருக்கு ஊர் மாறும். பேஸ்பாலிலும் அப்படியே. உள் மைதானத்தில், ஓடுபவர் தொட வேண்டிய இடமான ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் 90 அடி. பந்து வீசுபவர் நிற்கும் இடத்துக்கும் மட்டைக்காரர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் 60 அடி 6 அங்குலம். இதில் அரை அங்குலம் கூடச் சமரசம் கிடையாது. வெளி மைதானத்துக்குப் போனால் கதையே வேறு. பாஸ்டனில் 1912ல் கட்டிய ஃபென்வே பார்க்கில் இடப்பக்க எல்லை 310 அடி தூரத்திலேயே முடிந்துவிடும். அதற்கு ஈடாக அங்கே 37 அடி உயரத்துக்கு ஒரு பச்சைச் சுவர் எழுப்பி வைத்திருக்கிறார்கள். வேறு ஊர்களில் எல்லை இன்னும் தள்ளியிருக்கும், சுவரின் உயரம் குறைந்திருக்கும், வளைவும் வேறாக இருக்கும். எப்படியிருந்தாலும் சுற்றிலும் ஒரு சுவர் உண்டு. பந்து அதற்குள்தான் எங்கோ கிடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

மரபுச்சொல்லுக்கு இந்த மைதானம் எப்படி ஆகிவந்தது என்பதற்குச் சில கதைகள் உலவுகின்றன. மைதானத்தில் கூடிய கூட்டத்தை வர்ணனையாளர் கண்ணாலேயே பார்த்து மதிப்பிட்டுச் சொல்வாராம், அதிலிருந்து வந்ததாம். கேட்க நன்றாக இருக்கிறது, சான்றுதான் இல்லை. அச்சில் கிடைத்திருக்கும் பழைய தடயங்கள் நம்மைக் கொண்டுபோய் விடுமிடம் விளையாட்டுப் பக்கமே அல்ல. அணுகுண்டு!

அணுகுண்டுக்காரர்களின் பேச்சு

1954 அக்டோபரில் 'புல்லட்டின் ஆஃப் தி அடாமிக் சயன்டிஸ்ட்ஸ்' என்ற இதழில் ரால்ஃப் லாப் என்ற இயற்பியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர் அவர். பிறகு வெளியே வந்து, அரசு மூடி மறைக்கும் அணு விவகாரங்களைப் பொதுமக்களுக்குச் சொல்வதையே வேலையாக வைத்துக்கொண்டார். அமெரிக்கா சேர்த்து வைத்திருக்கும் அணு ஆயுதங்களின் மொத்த வலிமை 100 கோடி டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம் என்பது அந்தக் கட்டுரையில் அவர் போட்ட கணக்கு. இந்தக் கணக்கு 'இன் த பால்பார்க்' என்று வைத்துக்கொண்டால், அரசு மக்களிடம் மனம்திறந்து பேச வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று தொடர்ந்து எழுதுகிறார். அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார். அப்படியானால் விஞ்ஞானிகள் தங்களுக்குள் ஏற்கெனவே பேசிவந்த கொச்சைச் சொல்லாகத்தான் அது இருந்திருக்க வேண்டும்.

லாப்பின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எண்ண வேண்டிய பொருள் எதிரே இல்லை. இருப்பவர்கள் சொல்ல மாட்டார்கள். கேட்பதே குற்றமாகிவிடக் கூடிய காலம். வெளியில் கசிந்த துணுக்குச் செய்திகள், தொழிற்சாலைகளின் அளவு, இயற்பியல் அறிவு ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஓர் எண்ணுக்கு வர வேண்டும். வந்த பிறகு, அது சரியான எண் என்று அவரால் சத்தியம் செய்ய முடியாது. வெறும் ஊகம் என்று தள்ளிவிடவும் மனம் வராது, அத்தனை உழைப்பு அதில் இருக்கிறது. நடுவில் நிற்க ஒரு சொல் தேவைப்பட்டது.

பல பத்தாண்டுகள் கழித்து அமெரிக்க அரசே பழைய கணக்கை வெளியிட்டது. 1954ல் கையிருப்பின் வலிமை சுமார் 340 மெகாடன், 1955ல் சுமார் 2,880 மெகாடன். லாப் சொன்ன 100 கோடி டன் என்பது 1,000 மெகாடன். இரண்டு ஆண்டுக் கணக்குகளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்த வீட்டுக்கு வெளியே நின்று போட்ட கணக்கு இது என்பதை நினைத்தால், மனிதர் பலே ஆள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அணுகுண்டுக்காரர்களுக்கு இந்த மாதிரி எண்ணோடு இருந்த பழக்கம் அதற்கும் பழையது. 1945 ஜூலை 16 அதிகாலை, நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டுச் சோதனை. குண்டு எவ்வளவு வலிமையோடு வெடிக்கும் என்று விஞ்ஞானிகள் தலைக்கு ஒரு டாலர் போட்டுப் பந்தயம் கட்டியிருந்தார்கள். வெடிக்காமலே போகும், பூஜ்யம்தான் என்று ஒருவர் கட்டினார். திட்டத்தின் அறிவியல் தலைவரான ஓப்பன்ஹைமர் கட்டியது வெறும் 300 டன். எட்வர்ட் டெல்லர் 45,000 டன். இசிடோர் ரபி தாமதமாக வந்து சேர்ந்தார். அதற்குள் மற்ற எண்களையெல்லாம் ஆளுக்கு ஒன்றாக எடுத்துவிட்டார்கள், மிச்சம் கிடந்தது 18,000 டன். சரி, அதைப் போடுங்கள் என்றார்.

சோதனையின்போது என்ரிக்கோ ஃபெர்மி என்ற இயற்பியலாளர் சுமார் 10 மைல் தள்ளி நின்றார். வெளிச்சம் வெடித்துக் கிளம்பி ஏறக்குறைய 40 விநாடி கழித்துத்தான் காற்றதிர்ச்சி அவர் நின்ற இடத்தை எட்டியது. அந்த நேரம் பார்த்து, தலை உயரத்திலிருந்து சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளை விட்டுக்கொண்டே இருந்தார். அதிர்ச்சி வருவதற்கு முன்னால் சில, வரும்போது சில, போன பிறகு சில. காற்றே அசையாத அதிகாலை என்பதால் மற்றவை நேராகக் காலடியில் விழுந்தன. அதிர்ச்சி கடக்கும்போது விட்டவை மட்டும் இரண்டரை மீட்டர் தள்ளிப் போய் விழுந்தன. அந்த இரண்டரை மீட்டரை வைத்து, குண்டின் வலிமை 10,000 டன் டிஎன்டி இருக்கும் என்று சொன்னார். கருவிகள் காட்டிய எண் கைக்கு வருவதற்கு முன்பே சொன்னது இது.

பந்தயத்தில் வென்றது ரபி. முதலில் கிடைத்த அளவீடு பதினெட்டாயிரத்துச் சொச்சம் டன் என்று வந்ததால் பணம் அவருக்குப் போனது. பின்னாளில் அந்த அளவை 21,000 என்று திருத்தினார்கள், அண்மையில் நடந்த மறு ஆய்வு அதை 25,000 பக்கம் கொண்டுபோயிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் ஃபெர்மியைவிட ரபிதான் கிட்டத்தில் இருக்கிறார். இருந்தாலும் பால்பார்க் ஃபிகர் என்ற பெயர் ஃபெர்மியின் எண்ணுக்குத்தான் பொருந்தும் என்பது என் கட்சி. ரபியின் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "அதுதான் மிச்சம் இருந்தது" என்பதைத் தவிர அவரிடம் பதில் இல்லை. ஃபெர்மியிடம் கேட்டால் காகிதம், தூரம், காற்று என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். எந்தப் படியில் பிசகியிருக்கலாம் என்பதையும் அவரால் சொல்ல முடியும். சரியாக வருவது அதிர்ஷ்டத்தாலும் நடக்கும். காட்டிக் கேட்கக் கூடிய வழி இருந்தால்தான் அது மதிப்பீடு.

வேலி எவ்வளவு அகலம்?

இங்கே ஒரு சிக்கலைப் பார்க்க வேண்டும். ஃபெர்மி சொன்னது 10,000, உண்மை 21,000 முதல் 25,000 வரை. அதாவது இரண்டு, இரண்டரை மடங்கு பிசகு. இதை எல்லோரும் மெச்சுகிறார்கள்.

1954 மார்ச் 1ஆம் தேதி பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. சங்கேதப் பெயர் காஸில் பிராவோ. வெடிப்பின் வலிமை 6 மெகாடன் வாக்கில் இருக்கும் என்று கணித்திருந்தார்கள். வெடித்ததோ 15 மெகாடன். இதுவும் இரண்டரை மடங்கு பிசகுதான். குண்டில் இருந்த லித்தியத்தில் பெரும்பங்கு லித்தியம்-7 என்ற வகை, அது வினையில் சேராமல் சும்மா இருக்கும் என்று நினைத்தார்கள். அது சும்மா இருக்கவில்லை. எதிர்பார்த்ததைத் தாண்டிக் கதிரியக்கச் சாம்பல் பரவியது. மார்ஷல் தீவுகளில் குடியிருந்தவர்கள் மீது விழுந்தது. அறிவிக்கப்பட்ட ஆபத்து எல்லைக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த டைகோ ஃபுக்குர்யு மாரு என்ற ஜப்பானியப் படகின் மீதும் விழுந்தது. அதில் இருந்தவர்கள் 23 பேர். வானொலி இயக்குநராக இருந்த குபோயாமா ஐகிச்சி அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். லாப்பின் கட்டுரை வெளியானது அடுத்த மாதம். அந்தப் படகைப் பற்றிப் பின்னாளில் அவர் ஒரு புத்தகமே எழுதினார்.

அதே இரண்டரை மடங்கு ஓரிடத்தில் சாமர்த்தியமாகவும் இன்னோரிடத்தில் பேரழிவாகவும் இருக்கிறது. ஃபெர்மி எண் சொன்னபோது அதை நம்பி யாரும் எதையும் நிறுத்தி வைத்திருக்கவில்லை. பூஜ்யத்திலிருந்து 45,000 வரை எதுவும் நடக்கலாம் என்ற நிலையில், பத்தாயிரம் என்பதே பெரிய வெளிச்சம். பிராவோவில் அந்த 6 மெகாடனை வைத்துத்தான் கப்பல்களை எங்கே நிறுத்துவது, எந்தக் கடற்பரப்பை மூடுவது என்றெல்லாம் தீர்மானித்தார்கள். வேலியின் அகலத்தை எண் தீர்மானிப்பதில்லை. அந்த எண்ணை நம்பிப் பின்னால் என்ன செய்யப்போகிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. பால்பார்க் கேட்பவரிடம் "எதுக்குங்க கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்பதில் தப்பே இல்லை.

வானத்திலிருந்து விழுந்த மைதானம்

இந்தச் சொல் ஆய்வுக்கூடத்தை விட்டுப் பத்திரிகைக்கு வந்த கதையும் சுவையானது. 1960 ஆகஸ்ட் 18ஆம் தேதி கலிபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து டிஸ்கவரர் 14 என்ற செயற்கைக்கோளை ஏவினார்கள். அறிவியல் சோதனை என்பதுதான் வெளியே சொன்ன காரணம். மறுநாள் அதிலிருந்து ஒரு கலம் பிரிந்து, பூமியை நோக்கி இறங்கி, பாராசூட் விரித்து ஹவாய்க்கு அருகே வரும். அது கடலில் விழுவதற்கு முன் விமானம் ஒன்று கொக்கி போட்டு அந்தரத்திலேயே பிடிக்க வேண்டும். கேட்கும்போதே நடக்கிற காரியமாகத் தெரியவில்லை, இல்லையா? இதற்கு முந்தைய முயற்சிகள் பலவும் ஏவுவதிலோ இறக்குவதிலோ தோற்றுத்தான் போயிருந்தன. ஒரு வாரத்துக்கு முன்னால் டிஸ்கவரர் 13ன் கலத்தைக் கடலிலிருந்து எடுத்ததுதான் முதல் வெற்றி.

விண்ணிலிருந்து வரும் பொருள் இந்தப் புள்ளியில் இறங்கும் என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. வேகத்தில் துளி மாறினாலும் இறங்குமிடம் பல மைல் தள்ளிப்போகும். அதனால் புள்ளியை விட்டுவிட்டு ஒரு பரப்பை வரைந்தார்கள். இதற்குள் எங்கே வந்தாலும் நம் விமானங்கள் போய்ப் பிடித்துவிடும் என்ற அளவில் ஒரு பரப்பு. அதற்குச் சூட்டிய பெயர்தான் பால்பார்க். கலம் மையத்திலிருந்து சுமார் 200 மைல் தள்ளி இறங்கியபோதும், குறித்து வைத்த 'பால்பார்க்' பகுதிக்குள்தான் வந்தது என்று அந்த வாரம் சான் பிரான்சிஸ்கோ நாளிதழில் செய்தி வந்தது. ஹரால்ட் மிட்செல் என்ற விமானி ஓட்டிய சி-119 சரக்கு விமானம், வாலில் தொங்கவிட்ட கொக்கிகளோடு இரண்டு முறை குறி தவறி, மூன்றாவது சுற்றில் சுமார் 8,500 அடி உயரத்தில் பாராசூட்டைக் கவ்விப் பிடித்தது.

உள்ளே இருந்தது சோவியத் நாட்டை மேலிருந்து எடுத்த புகைப்படச் சுருள். ஏறக்குறைய 9 கிலோ. கரோனா என்ற உளவுத் திட்டம் அது. 1995ல்தான் அதைப் பற்றிய கோப்புகளைத் திறந்தார்கள். அந்த ஒரு சுருளில் பதிவான நிலப்பரப்பு, அதுவரை யு-2 உளவு விமானங்கள் எல்லாம் சேர்ந்து எடுத்ததைவிட அதிகம். அந்த யு-2களில் ஒன்றைத்தான் மே மாதம் சோவியத் சுட்டு வீழ்த்தியிருந்தது. பிடிபட்ட விமானி கேரி பவர்ஸுக்கு மாஸ்கோ நீதிமன்றம் 10 ஆண்டுத் தண்டனை விதித்ததும் ஆகஸ்ட் 19ஆம் தேதியேதான். செய்தித்தாள் வாசகர்களுக்கு இந்த இரண்டு செய்திக்கும் தொடர்பு இருப்பது தெரிந்திருக்க வழியில்லை. 'பால்பார்க்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

ராக்கெட் கம்பெனிகளில் பேசியது அவற்றுக்குப் பாகம் செய்து தரும் கம்பெனிகளுக்குப் போய், அங்கிருந்து கொட்டேஷன், பட்ஜெட், சம்பளப் பேச்சு என்று இறங்கிவிட்டது. 'பால்பார்க்' வினைச்சொல்லாகவும் ஆகிவிட்டது, 'பால்பார்க் இட்' என்றால் குத்துமதிப்பாக ஒரு எண் போடு. நம் ஊருக்கு அது வந்து சேர்ந்தது மென்பொருள் ஏற்றுமதியோடு.

ஒரு எண் போட்டுப் பார்ப்போம்

சிகாகோவில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்கள் எத்தனை பேர் என்று ஃபெர்மி மாணவர்களிடம் கேட்பார் என்பது பிரபலம். நமக்குப் பியானோ வேண்டாம். சென்னையில் ஆண்களுக்கான சலூன்கள் எத்தனை இருக்கும்?

மக்கள்தொகையை 70 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பாதி ஆண்கள், 35 லட்சம். கைக்குழந்தை, வீட்டிலேயே வெட்டிக்கொள்பவர், வெட்ட முடியே இல்லாதவர் எல்லாம் போக 30 லட்சம். ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை என்றால் ஆளுக்கு ஆண்டுக்கு 8 முறை. மொத்தம் 2 கோடியே 40 லட்சம் தலை. இனி கடைப் பக்கம். இரண்டு நாற்காலி போட்ட சாதாரணக் கடையில் மற்ற நாள்களில் ஈயாடும், ஞாயிற்றுக்கிழமை டோக்கன் போடாத குறையாகக் கூட்டம் இருக்கும். சராசரி நாளைக்கு 20 பேர் என்று கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை கடை கிடையாது. ஆண்டுக்கு 310 நாள் என்றால் ஒரு கடைக்கு 6,200 தலை. வகுத்தால் நாலாயிரத்தை ஒட்டி வருகிறது.

இதில் ஒவ்வொரு எண்ணும் என் அனுமானம்தான். 4,000 என்று சத்தியம் செய்ய மாட்டேன். இரண்டாயிரத்துக்கும் எட்டாயிரத்துக்கும் இடையில் இருக்கும் என்று மட்டும் தைரியமாகச் சொல்வேன். வேலி என்ன செய்கிறது என்பது எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். மொத்தமே 200 கடைதான் என்று ஒருவர் சொல்கிறாரா? அப்படியானால் ஒரு கடையில் நாளைக்கு ஏறக்குறைய 400 தலை. வாசலில் போலீஸ் நிறுத்த வேண்டியிருக்கும். ஒரு லட்சம் கடை என்கிறாரா? ஒரு கடைக்கு நாளைக்கு ஒரு தலை கூடத் தேறாது, வாடகைக்குக் கட்டாது. இரண்டுமே பால்பார்க்குக்கு வெளியே. சரியான விடை தெரியாத நிலையிலேயே தவறான விடைகளைத் தள்ள முடிகிறது பாருங்கள், இந்த முறையின் முக்கால்வாசிப் பயன் அதுதான்.

சொன்ன எண் படுத்தும் பாடு

பத்து நாள் என்று கடல் கடந்து போன எண்ணுக்கு வருவோம். மென்பொருள் வேலையில், திட்டம் இன்னும் பேச்சளவில் இருக்கும்போது போடும் மதிப்பீடு இரு பக்கமும் நான்கு மடங்கு வரை பிசகலாம் என்று பாரி போம் என்ற பொறியியல் அறிஞர் 1981லேயே எழுதிவிட்டார். அந்தக் கணக்கில் பத்து நாள் என்பது இரண்டரை நாளாகவும் இருக்கலாம், நாற்பது நாளாகவும் இருக்கலாம். திட்ட மேலாண்மைப் பாடத்தில் இந்த வகை ஆரம்ப மதிப்பீட்டுக்கு வழக்கமாகச் சொல்லும் இடைவெளி கீழே 25 சதவீதம், மேலே 75 சதவீதம். பத்து நாள் என்றால் ஏழரை முதல் பதினேழரை. கீழே போவதைவிட மேலே போக மும்மடங்கு இடம் விட்டிருக்கிறார்கள். சொன்ன தேதிக்கு முன்னால் வேலை முடிந்து யார் பார்த்தது!

சிக்கல் என்னவென்றால், வேலி வாய்மொழியில் சொல்லப்படுகிறது, எண் மட்டும் எக்செல்லில் ஏறுகிறது. "பால்பார்க்" என்ற முன்னொட்டு ஒரு மின்னஞ்சல் தாண்டுவதற்குள் உதிர்ந்துபோகும். மூன்றாவது வாரம் "நீங்கள்தானே பத்து நாள் என்றீர்கள்" என்று கேட்கும்போது, கேட்பவர் பொய் சொல்லவில்லை, அவர் ஷீட்டில் அப்படித்தான் இருக்கிறது.

இன்னொன்று, முதலில் காதில் விழுந்த எண் மனதில் நங்கூரம் போட்டுவிடும். அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் இருவரும் 1974ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பேர்போனது. எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10ல் நின்றதைப் பார்த்தவர்கள் சொன்ன விடையின் நடுமதிப்பு 25. 65ல் நின்றதைப் பார்த்தவர்களுக்கு 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று எல்லோருக்கும் தெரியும், அப்படியும் இந்தக் கதி. அப்படியிருக்க, வேலை தெரிந்த ஆள் வாயால் வந்த எண் எவ்வளவு ஆழமாக இறங்கும்! சம்பளப் பேச்சில் "உங்கள் எதிர்பார்ப்பு என்ன, ஒரு பால்பார்க் சொல்லுங்கள்" என்று ஹெச்ஆர் கேட்பதும் வெள்ளந்தியான கேள்வி இல்லை. அதன் பிறகு பேச்சு முழுக்க அந்த எண்ணைச் சுற்றியே நடக்கும்.

ஆகவே எண்ணைத் தனியாக அனுப்பாதீர்கள். "பத்து நாள்" என்பதற்குப் பதில் "எட்டிலிருந்து பதினெட்டு நாள் வரை ஆகலாம், டேட்டா எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று பார்த்த பிறகு வியாழக்கிழமை இன்னும் நெருக்கிச் சொல்கிறேன், டெஸ்டிங் இதில் சேரவில்லை" என்று எழுதியே அனுப்புங்கள். நீளமாகத்தான் இருக்கும். இடைவெளியாகக் கொடுத்தால் எக்செல்லின் ஒற்றைக் கட்டத்தில் ஏற்றுவதற்கு எதிர்த்தரப்பு சற்றாவது யோசிக்கும். அப்படியும் சிலர் சின்ன எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், அதற்குத்தான் எழுத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தெரியும் வேறு சில சொற்களையும் சேர்த்துத் தெரிந்துகொண்டால் குழப்பம் வராது. 'ஷாட் இன் த டார்க்' என்றால் இருட்டில் சுட்டது, ஆதாரமே இல்லாத ஊகம், நம் குருட்டாம்போக்கு. 'எஜுகேட்டட் கெஸ்' என்றால் விஷயம் தெரிந்தவரின் ஊகம், எண்ணாக இருக்க வேண்டும் என்பதில்லை. மழை வருமா என்பதற்கும் சொல்லலாம். 'யுவர் கெஸ் இஸ் அஸ் குட் அஸ் மைன்' என்று ஒருவர் சொன்னால் அவர் உங்கள் ஊகத்தைப் பாராட்டவில்லை, எனக்கும் தெரியாது என்று கைவிரிக்கிறார். இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தொடர்ந்து விளக்கப்போகிறவர்கள் உண்டு. கடைசியாக, 'நாக்ட் இட் அவுட் ஆஃப் த பார்க்'. இதுவும் பேஸ்பால்தான், ஆனால் பொருள் நேர் எதிர்த்திசையில் போகும். மதிப்பீடு 'அவுட் ஆஃப் த பால்பார்க்' என்றால் எண் உதவாது, மறுபடி போடு என்று அர்த்தம். உங்கள் பிரசன்டேஷனைப் பார்த்து 'யூ நாக்ட் இட் அவுட் ஆஃப் த பார்க்' என்று கிளையன்ட் சொன்னால், பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்துவிட்டீர்கள், அதாவது சிக்ஸர். நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போகலாம்.